தார்ப்பாயில் பூசணம், கித்தானில் பாசி: எப்படிச் சுத்தம் செய்வது? ப்ளீச்சிங் பவுடர் எல்லாத்துக்கும் ஏன் ஆகாது?

தேனி மாவட்டம் வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து களம் காயத் தொடங்கியதும் பரணில் கிடக்கும் தார்ப்பாய் கீழே இறங்கும். மக்காச்சோளம், நிலக்கடலை, கொப்பரை, அப்புறம் கோடையில் கொட்டை முந்திரி, இலவங்காய் என்று அடுத்த சில மாதங்களுக்கு அதற்கு ஓய்வே இல்லை. ஆனால் மடிப்பைப் பிரிக்கும்போதே குப்பென்று ஒரு மக்கல் வாடை அடிக்கும். மடிப்பு ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. மாட்டுக்கொட்டகைக்கு மேலே கட்டியிருந்ததாக இருந்தால் வழுவழுவென்று பச்சைப் பாசி.

"ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தி, நல்லா தேய்ச்சு விடு" என்பதுதான் உடனே கிடைக்கும் யோசனை. சில தார்ப்பாய்க்கு அது சரியான வைத்தியம். சிலதுக்கு அதுவே கடைசி வைத்தியமாகிவிடும். எது எதுக்கு என்று தெரிந்துகொள்ள, முதலில் கையில் இருப்பது என்ன துணி என்று பார்க்க வேண்டும்.

கையில இருக்கறது எது?

பெயர்தான் இங்கே முதல் குழப்பம். அந்தக் காலத்தில் கெட்டிப் பருத்தித் துணிக்குத் தார் பூசித் தண்ணீர் இறங்காமல் செய்தார்கள். 'தார்பாலின்' என்ற ஆங்கிலப் பெயரிலேயே தார் இருக்கிறது. தமிழில் அது தார்ப்பாய் ஆனது. இன்றைக்குக் கடையில் தார்ப்பாய் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில் தாரும் இல்லை, பருத்தியும் இல்லை. பாலிஎத்திலீன் ஷீட்தான். 'சில்பாலின்' என்ற ஒரு கம்பெனியின் பெயரையே ஊரில் பலர் எல்லா பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கும் பொதுப்பெயராகச் சொல்வார்கள். எச்.டி.பி.இ. நூலில் நெய்த தார்ப்பாய்க்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7903 என்ற தரம் இருக்கிறது.

இன்னொரு வகை, லாரிக்காரர்கள் 'படுதா' என்று சொல்லும் கித்தான். கனமான பருத்தி நெசவு, மேலே மெழுகோ வேறு பூச்சோ ஏற்றியது. பழைய கூடாரம், பந்தல் துணி, ஈஸி சேர் துணி எல்லாம் இந்தக் கூட்டம்தான். மூன்றாவது, பி.வி.சி. பூசிய துணி. ஆட்டோ கூரை, பேனர் சீலை மாதிரி வழவழப்பாக இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒரு நூலை எடுத்து, வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சுருண்டு உருண்டையாகும்.

பச்சையா, கறுப்பா?

பேச்சில் எல்லாவற்றையும் 'பாசி பிடிச்சிருச்சு' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பச்சை வேறு, கறுப்பு வேறு. பச்சையாக வழுக்குவது பாசி. அதற்கு வெளிச்சம் வேண்டும், தண்ணீர் வேண்டும். மர நிழலில் மாசக்கணக்கில் விரித்தே கிடந்த தார்ப்பாயில்தான் அது வரும். பாசி துணியைத் தின்பதில்லை. தன் சாப்பாட்டைத் தானே வெயிலில் சமைத்துக்கொள்ளும். ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது அடுத்தவனுக்கு இடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

அந்த அடுத்தவன்தான் பூஞ்சை, ஊர்ப்பேச்சில் பூசணம். கறுப்பு, சாம்பல், வெள்ளைப் புள்ளிகளாக வரும். வெளிச்சமே வேண்டாம். ஈரத்தோடு மடித்து இருட்டில் வைத்தால் போதும், ஒன்றிரண்டு நாளிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். ஆக, நிறத்தைப் பார்த்தாலே அந்தத் தார்ப்பாயை எப்படி வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

துணியைத் தின்ற பூஞ்சை

பருத்தி முழுக்க முழுக்க செல்லுலோஸ். பூஞ்சைகளில் பல செல்லுலோஸை உடைத்துச் சர்க்கரையாக்கிச் சாப்பிடக்கூடியவை. அதாவது கித்தானில் பூசணம் என்றால் அது வெறும் அழுக்கு இல்லை, துணியே சாப்பாடு.

இதை உலகத்துக்குப் புரியவைத்தது இரண்டாம் உலகப் போர். தென் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் பெல்ட்டுகளும் எதிரியின் குண்டு படாமலே மக்கி விழுந்தன. காரணம் தேடிய ராணுவ ஆய்வாளர்கள், மக்கிய துணிகளிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துச் சேகரித்தார்கள். சாலமன் தீவுக்கூட்டத்தின் போகன்வில் தீவில் கிடைத்த ஒரு கித்தான் துண்டிலிருந்து வந்தது கியூ.எம். 6ஏ என்று எண்ணிட்ட பூஞ்சை. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் நினைவாக 1977-இல் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். அன்று கூடாரத்தைத் தின்ற அதன் நொதிகள்தான் பின்னால் ஜீன்ஸ் துணியை மெதுவாக்கவும், வைக்கோல் போன்ற கழிவிலிருந்து எத்தனால் எடுக்கவும் தொழிற்சாலைகளில் பயன்பட்டன.

பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் வேர் அழுகலுக்குத் தொழு உரத்தில் கலந்து போடும் டிரைக்கோடெர்மா விரிடி இதன் நெருங்கிய சொந்தம். கியூ.எம். 6ஏ-வையும் முதலில் விரிடி என்றுதான் நினைத்தார்கள். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. டிரைக்கோடெர்மா கலந்து ஈரமாக வைத்திருக்கும் எருக்குவியலை நல்ல கித்தானால் மூடி வைக்காமல் இருந்தால் சரி. பழைய சாக்கே போதும்.

இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. வருசநாடு, போடி பக்கம் விளையும் இலவம் பஞ்சின் இழை மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. தண்ணீர் ஒட்டாது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை கப்பல்களின் உயிர்காப்பு மேலாடைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை குட்டையாகவும் வழுக்கலாகவும் இருப்பதால் நூலாக நூற்பது கஷ்டம், மெத்தைக்கும் தலையணைக்கும்தான் போகிறது. நூற்க வசதியான பருத்தியோ தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். அதனால்தான் கித்தானுக்கு மெழுகைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் பூச்சைக் காப்பாற்றிக்கொண்டே பூசணத்தை எடுப்பதுதான் கித்தான் கழுவுவதில் உள்ள சூட்சுமம்.

பிளாஸ்டிக் தார்ப்பாய்: வேலை சுலபம்

பாலிஎத்திலீனை இந்தப் பூசணத்தால் தின்ன முடியாது. மேலே படிந்த மண், மாவு, எண்ணெய்ப் பசை, பறவை எச்சம் இதைத்தான் அது தின்கிறது. அந்த அழுக்குப் போனால் பூசணமும் போச்சு. வெயிலில் விரித்துக் காயவிட்டு, காய்ந்த பாசியைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரிலோ சலவை சோடா கரைத்த தண்ணீரிலோ மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்தது. கம்பி பிரஷ், தேங்காய் நார் வேண்டாம். மேல் பூச்சில் கீறல் விழும், அடுத்த முறை பாசி அந்தக் கீறலில்தான் வேர் பிடித்தாற்போல் உட்காரும்.

அதற்கும் அசையாத கறுப்புக்குத்தான் ப்ளீச்சிங் பவுடர். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் போதும். கலக்கி வைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துத் தடவி, 10 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அளவைக் கூட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பது இல்லை. கையும் கண்ணும்தான் எரியும். பி.வி.சி. துணிக்கும் இதே முறைதான், ஆனால் கலர் துணி என்றால் ஒரு மூலையில் தடவிப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

கழுவியதை நாள் முழுக்க உச்சி வெயிலில் போட்டு வைக்கத் தேவையில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் பிளாஸ்டிக்கை நொறுங்க வைக்கிறது. ஈரம் போனதும் மடித்துவிடலாம். கித்தானுக்கு இது அப்படியே தலைகீழ், அதற்கு ஈரம்தான் எமன்.

கித்தான், படுதா: நிதானமாகச் செய்ய வேண்டியது

கித்தானுக்கு முதல் வேலை காயவைப்பது. நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் மாற்றிப்போட்டு முழுக்கக் காய்ந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் பூஞ்சை நெசவுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். காய்ந்ததைத் தட்டும்போது கண்ணுக்குத் தெரியாத வித்துக்கள் புகை மாதிரிக் கிளம்பும். அதனால் வீட்டுக்குள், திண்ணையில் வைத்துத் தட்டக் கூடாது. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மூக்கு வாய் மூடும் என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்து, கழுவல். சலவைப் பவுடர் வேண்டாம். அதில் உள்ள பொருள் துணியில் தங்கி, தண்ணீரை ஒட்டவிடாத தன்மையைக் கெடுத்துவிடும். சாதாரண பார் சோப், பச்சைத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ் போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் மெழுகு இளகிப் போய்விடும். கார் கழுவும் பிரஷர் பம்ப்பில் அடித்தால் ஒரே நிமிடத்தில் சுத்தமாகும், அதே நிமிடத்தில் பூச்சும் தையலும் போகும்.

பூசணத்தைக் கொல்ல வீட்டு உபயோக வெள்ளை வினிகர் உதவும். ஒரு பங்கு வினிகர், ஒரு பங்கு தண்ணீர் கலந்து புள்ளிகள் மேல் தெளித்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டு அலச வேண்டும். பித்தளை வளையங்களில் படாமல் பார்த்துக்கொள்ளலாம், பட்டால் உடனே அலசிவிடலாம். வெள்ளைக் கித்தானில் லேசான கறை என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயப்போடும் பழைய கைவைத்தியம் கொஞ்சம் கைகொடுக்கும். எலுமிச்சை விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு லாரிப் படுதாவுக்குப் பிழிய வேண்டுமென்றால் தோப்பே காலி.

ப்ளீச்சிங் பவுடர் கித்தானுக்கு வேண்டவே வேண்டாம். அது பூஞ்சையை மட்டும் பார்த்துத் தாக்காது. பருத்தி இழையையும் அரிக்கும், பூச்சையும் கலரையும் எடுக்கும். வெளுத்துப் பளிச்சென்று இருக்கும் படுதா அடுத்த காற்றில் வளையத்தோடு கிழிந்து பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் தடவி 'பாசி அண்டாது' என்று விடுவதும் தப்பு. ஒரு பீடி நெருப்பு போதும்.

கலக்கவே கூடாதது

வினிகர் ஊற்றிப் பார்த்து, போகவில்லை என்று அதன் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவுவது. அல்லது ப்ளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலப்பது. இரண்டும் ஆபத்து. ப்ளீச்சிங் பவுடரில் எந்த அமிலம் பட்டாலும், அது எலுமிச்சைச் சாறாக இருந்தாலும், குளோரின் வாயு வெளியேறும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் இப்ரே நகருக்கு அருகே ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். மாட்டு மூத்திரம் ஊறிய கொட்டகைத் தார்ப்பாயில் ப்ளீச்சிங் தண்ணீரை நேராக ஊற்றினாலும் மூச்சை அடைக்கும் குளோரமின் வாயு வரும். முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும்.

கண் எரிந்து, இருமல் வந்து, நெஞ்சு அடைப்பது போல இருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிட வேண்டும். கண்ணை 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சு வாங்குவது நிற்கவில்லை என்றால் 108-ஐ அழைப்பதே சரி.

கழுவியும் கறை போகலையே?

போகாது, பல நேரம். கறுப்புப் பூஞ்சைகள் விட்டுச்செல்லும் நிறமி இழைக்குள் ஊறிவிடும். பூஞ்சை செத்த பிறகும் கறை அப்படியே நிற்கும். கறையைப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால் துணிதான் தேயும். வாடை போய்விட்டதா, புள்ளி புதிதாகப் பரவாமல் இருக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்தால் போதும்.

கறையைவிட முக்கியம் பலம். புள்ளி அதிகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். துணி சரசரவென்று பிரிந்தால் பூஞ்சை சாப்பிட்டு முடித்துவிட்டது என்று அர்த்தம். அதை மழைக்கு நம்பி, மூட்டை மேல் கட்டுவதில் பயனில்லை. நல்ல பகுதியை வெட்டி மற்றதுக்கு ஒட்டுப்போட வைத்துக்கொள்ளலாம்.

தண்ணி உள்ள இறங்குதா? படிகாரம் இருக்கு

கழுவிக் காய்ந்த கித்தான் மேல் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக நிற்க வேண்டும். ஊறி இறங்கினால் பூச்சு போய்விட்டது. கடைகளில் நீர்விலக்கி ஸ்ப்ரே கிடைக்கிறது. அது இல்லாத காலத்திலிருந்தே இருக்கும் ஒரு முறை, சோப்பும் படிகாரமும்.

லிட்டருக்குச் சுமார் 60 கிராம் பார் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, துணி முழுக்க ஊறும்படி தடவிக் காயவிட வேண்டும். பிறகு லிட்டருக்குச் சுமார் 30 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரை அதன் மேல் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி காயவிட வேண்டும். சோப்பும் படிகாரமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத அலுமினிய சோப்பாக மாறி இழைக்குள்ளேயே படிந்துவிடும். அதுதான் தண்ணீரைத் தள்ளும். எண்ணெயில் செய்த சோப்பில்தான் இது நடக்கும், சலவைப் பவுடரில் நடக்காது. உப்புத்தண்ணீர்க் கிணறு என்றால் சோப்பு தயிர் மாதிரித் திரிந்துவிடும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்துச் செய்யலாம். புதுப் படுதா அளவுக்குத் தாங்காது, ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம்.

மெழுகுதான் வேண்டும் என்பவர்கள், மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்க வேண்டும். மெழுகு சூடேறினால் சட்டென்று தீப்பிடிக்கும்.

சாப்பிடுற பொருளைக் காயப்போடுறவங்க கவனத்துக்கு

பூசணத்தைத் தடுக்கக் கித்தானில் செம்புச் சேர்மங்களை ஏற்றுவது பழைய வழக்கம். பழைய ராணுவக் கூடாரங்களின், லாரிப் படுதாக்களின் அந்தப் பச்சை நிறத்தில் பல நேரம் செம்பு கலந்திருக்கும். திராட்சைத் தோட்டத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து அடிக்கும் போர்டோ கலவையின் தத்துவமும் இதுதான். 'மிச்சக் கலவை இருக்கே, தார்ப்பாய் மேலயும் அடிச்சிடுவோம்' என்று சிலருக்குத் தோன்றலாம். மூட்டை மூடுவதற்கான படுதா என்றால் பரவாயில்லை. கடலை, மிளகு, கொப்பரை காயப்போடும் பாயில் அது கூடாது. அதேபோல செகண்ட் ஹேண்டில் வாங்கிய பச்சைப் படுதாவைத் தானியம் உலர்த்தும் களத்தில் விரிக்கக் கூடாது.

ஈரப் பூசணப் பாயில் கடலையைக் கொட்டுவதன் ஆபத்து வேறு ரகம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்கும் இந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. தார்ப்பாயில் தெரிகிற எல்லாப் புள்ளியும் அந்தப் பூஞ்சை என்று சொல்ல முடியாது. ஆனால் கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டிய நேரத்தில், அடியில் இருக்கும் பாயே ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மேலே எத்தனை நாள் வெயில் அடித்தும் பிரயோஜனம் இல்லை. கழுவிய தார்ப்பாயில் ப்ளீச்சிங் வாடையும் வினிகர் வாடையும் முழுக்கப் போன பிறகே காய்ப்பைக் கொட்ட வேண்டும்.

கழுவின தண்ணி எங்க போகுது?

வருசநாட்டு மலையில்தான் வைகை பிறக்கிறது. மூல வைகையில் தண்ணீர் ஓடும் சில மாதங்களில் ஆற்றங்கரைப் பாறை மேல் தார்ப்பாயைப் போட்டு அடித்துத் துவைப்பது வசதிதான். வெறும் தண்ணீரில் மண்ணை அலசுவதோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினை இல்லை. ப்ளீச்சிங் தண்ணீரும் மயில்துத்தமும் அங்கே போகக் கூடாது. ஆற்று மீனுக்கு இரண்டுமே நஞ்சு. கீழே வைகை அணையிலிருந்து மதுரை வரை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வீட்டுப் பக்கம், கிணற்றிலிருந்தும் செடிகொடியிலிருந்தும் தள்ளி, மண் தரையில் ஊற்றிவிடலாம்.

மறுபடி வராம இருக்க

மழையில் நனைந்த படுதாவை அன்றைக்கே காயவைக்க முடியாது, லாரி ஓட்டத்தில் இருக்கும், வானம் மூடிக் கிடக்கும். அப்போதைக்குச் சுருட்டினாலும் அடுத்த நாளே ஒரு முறை பிரித்து, கொடியிலோ வேலியிலோ காற்றாடப் போட வேண்டும். இடுக்கி பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குத் தார்ப்பாய் கொண்டுபோகிறவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை இது தினசரிப் பிரச்சினை. அந்த ஊர் ஈரக் காற்றில் துணி தானாகக் காயாது. அடுப்பங்கரை ஓரம் கொடி கட்டிப் போடுவதுதான் வழி, தீயிலிருந்து எட்டி.

மடிக்கும் முன் மண்ணையும் தானிய உமியையும் உதறிவிட வேண்டும், பூசணத்துக்கு அதுதான் முதல் சாப்பாடு. ஒவ்வொரு முறையும் அதே மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடித்தால் ஓரங்களில் பூச்சு விரிசல் விடாது. மடித்ததைச் சிமெண்ட் தரையில் வைத்தால் தரையின் குளிர் ஈரத்தை இழுக்கும். இரண்டு கட்டையைப் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். இறுக்கமாகப் பாலிதீன் பையில் கட்டி வைப்பது பாதுகாப்பு போலத் தெரியும். கொஞ்சம் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டாலும் அடுத்த தை மாதம் பிரிக்கும்போது அதே வாடைதான். பழைய வேட்டியைச் சுற்றி வைத்தால் காற்றும் போகும், தூசியும் ஏறாது.